இடப்பக்கக் கதவு

ஜூலை 6, ஞாயிறு. அடிலெய்டு

மாப்பிள்ளை நவநீதன் இந்த டைரியைக் கொடுத்தார். அவர் ஆபீசில் ஆளுக்கு ஒன்று கொடுத்தார்களாம். தோல் அட்டை, நடுவில் சிவப்பு நாடா. சங்ககிரி பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் இதை விரித்து வாசிக்கும்போது அந்த நாடாவைப் பார்த்தே பாதிப் பேர் வாயடைத்துப் போவார்கள் என்பதால் இன்றே தொடங்கிவிட்டேன்.

என்னைப் பற்றி நாலு வரி. பெயர் சென்னியப்பன். எட்டாம் வகுப்பு வரை படித்தேன். அதற்கு மேல் எனக்குச் சொல்லிக்கொடுக்கும் அளவுக்கு அந்தப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் இல்லை. லாரித் தொழிலில் இருபது வருஷம். காஷ்மீர் முதல் கன்னியாகுமரி வரை நான் டீ குடிக்காத செக்போஸ்ட் கிடையாது. அக்காள் மகள் பிருந்தாவைக் கட்டிக்கொடுத்தது இந்த ஆஸ்திரேலியாவில். அக்காளுக்கு மூட்டு வலி, விமானத்தில் மடக்கி உட்கார முடியாது. அதனால் தனக்குப் பதிலாக என்னை ஏற்றி அனுப்பினாள். பிருந்தாவின் அப்பா அவள் சிறுபிள்ளையாக இருக்கும்போதே போய்விட்டார். அன்றிலிருந்து தகப்பன் ஸ்தானத்தில் நிற்பவன் நான். லாரி ஊர்ப்பக்கம் வரும்போதெல்லாம் நின்றிருக்கிறேன்.

வீட்டில் இன்னொருவரும் இருக்கிறார். மாப்பிள்ளையின் அம்மா தெய்வானை, திருச்செங்கோட்டுப் பள்ளியில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். பேசுவது குறைவு. கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பார். அப்படிப் பார்த்தாலே வீட்டுப் பாடம் எழுதாத ஞாபகம் வருகிறது.

விஷயத்துக்கு வருகிறேன். மாப்பிள்ளையின் சிநேகிதர் தன்னுடைய கேரவனை இரவல் கொடுத்திருக்கிறார். கேரவன் என்றால் ஜீப்புக்குப் பின்னால் கொக்கி போட்டு இழுத்துப் போகும் வீடு. கட்டில், அடுப்பு, கக்கூஸ் எல்லாம் உள்ளேயே. அதை இழுத்துக்கொண்டு நாட்டின் நடுவில் இருக்கும் பாலைவனத்துக்குப் போய், கிங்ஸ் கேன்யன் என்கிற பெரிய பாறைப் பள்ளத்தைப் பார்த்து வருவதாகத் திட்டம். ஆனால் ராத்திரிச் சாப்பாட்டின்போது மாப்பிள்ளை இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "அத்தன தூரம் தனியா ஓட்ட முடியாதுங்க. அடுத்த வருசம் பாத்துக்கலாம்" என்றார்.

பிருந்தாவின் முகம் விழுந்துவிட்டது. அவளுக்கு லீவு கிடைத்தே வெகு காலமாயிற்று. கார் ஓட்டுவாள், ஆனால், "பின்னால ஒரு ஊட்டக் கட்டி இழுக்கறதுன்னா எனக்கு ஒரே பயம்" என்று முதலிலேயே சொல்லிவிட்டவள். சட்டென்று என்னைப் பார்த்தாள்.

"எங்க மாமா இருக்கறாருல்ல. இருபது வருசம் லாரி ஓட்டுனவரு. பாதித் தூரம் அவரு புடிப்பாரு."

சம்பந்தியம்மா ரசத்திலிருந்து தலையை நிமிர்த்தினார். "அப்படிங்களா சம்பந்தி?"

"பத்துச் சக்கர வண்டிங்க" என்றேன். இதில் ஒரு எழுத்துக்கூடப் பொய் கிடையாது. அந்த வண்டிக்குப் பத்துச் சக்கரம்தான்.

பிறகு சமையலறையில் பிருந்தா மெதுவாகச் சொன்னாள்: "மாமா, அத்தை முன்னால வாயக் குடுத்துட்டேன். எம்பேரக் காப்பாத்தீருங்க."

"நீ போய் நிம்மதியாத் தூங்கு அம்மிணி."

அவள் தூங்கினாள். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. ரசத்தில் புளி தூக்கல்.

ஜூலை 8, செவ்வாய். போர்ட் அகஸ்டா

புறப்பாடு. ஒவ்வொரு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தது நான். எதிர்வீட்டு வெள்ளைக்காரர் வாசலில் நின்று பார்த்து, அது எதற்கு என்று பிருந்தாவிடம் கேட்டார். டயருக்கு எண்ணெய் என்று அவள் சொல்லிவிட்டாள். இனி அவரும் வைப்பார்.

இந்த நாட்டில் ஸ்டியரிங் இடப்பக்கம் இருக்கும், எனக்குப் பழகும்வரை மாப்பிள்ளையே ஓட்டட்டும் என்று பெருந்தன்மையாக நினைத்திருந்தேன். கதவைத் திறந்தால் நம் ஊர் மாதிரியே வலப்பக்கம் இருக்கிறது. விமான நிலையத்திலிருந்து வந்த அன்று தூங்கிவிட்டதால் கவனிக்கவில்லை. வெளிநாடு என்று சொல்லிக்கொள்கிறார்கள், ஒரு வித்தியாசம் வேண்டாமா.

"லைசென்ஸ் எடுத்துட்டீங்களா மாமா?" என்றார் மாப்பிள்ளை.

"அது எப்பவும் எங்கூடயே இருக்குதுங்க மாப்ள." அனுபவத்தைச் சொன்னேன்.

சாவியை நீட்டினார். நல்லவேளையாகக் கிழமை ஞாபகம் வந்தது. செவ்வாய்க்கிழமை வடக்கே சூலம். நாங்கள் போவதோ நேர் வடக்கு. சூலம் ஸ்டியரிங் பிடிக்கிறவனைத்தான் தாக்கும் என்றும், அதிலும் கடகராசிக்காரனை விடவே விடாது என்றும் விளக்கினேன்.

"அப்ப எம்மவன அது குத்தாதுங்களா?" என்றார் சம்பந்தியம்மா.

"மாப்ள சிம்மராசிங்க. சூலமே பயப்படும்."

மாப்பிள்ளை ஓட்டினார். நான் முன்னால் இடப்பக்கம். வெளியே தலையை நீட்டி, "லெஃப்ட் ஃப்ரீ, போலாம்" என்று அவ்வப்போது குரல் கொடுத்தேன். ஊரைத் தாண்டிய பிறகு இடப்பக்கம் கோதுமைக் காடு மட்டும்தான். இருந்தாலும் குரல் கொடுத்தேன். ஜாக்கிரதை என்பது ஆள் இருந்தால் மட்டும் காட்டுவதல்ல.

வழியில் வண்டி நின்ற இடத்திலெல்லாம், நிற்கும் முன்பே குதித்து, ஓடிப்போய்க் கேரவன் சக்கரத்துக்குக் கட்டை போட்டேன். டயரைத் தட்டிப் பார்த்தேன். முன் கண்ணாடியைத் துணியால் துடைத்தேன். "இந்த வயசுலயும் என்ன சுறுசுறுப்பு பாரு" என்று மாப்பிள்ளை வியந்தார். சம்பந்தியம்மா கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

ஜூலை 9, புதன். கூபர் பீடி

புதனும் வடக்கே சூலம்தான். பஞ்சாங்கம் எழுதியவர்கள் நன்றாக இருக்க வேண்டும்.

இன்று பார்த்த தரையில் மரம் இல்லை, வீடு இல்லை, மாடு இல்லை. மூன்று பெட்டி கோத்த லாரி ஒன்று எதிரே வந்தது. ரயில் மாதிரி வந்துகொண்டே இருந்தது. அதன் டிரைவர் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலை மட்டும் தூக்கி வணக்கம் வைத்தார். ஒரு டிரைவரை இன்னொரு டிரைவர் பார்த்தவுடன் தெரிந்துகொள்வார் என்பதற்கு இதுவே அத்தாட்சி. அவர் மாப்பிள்ளைக்கும் வைத்திருக்கலாம்.

பொழுது போக்குவதற்காக நாகபுரி மலைச்சரிவில் பிரேக் போன கதையைச் சொன்னேன். என்னோடு பழனியப்பன் என்று ஒரு கிளீனர் இருந்தான். முறுக்கு மீசை. முப்பத்திரண்டு டன் இரும்பு ஏற்றி வருகிறோம், பிரேக் இல்லை. பழனியப்பன், "குதிச்சுத் தப்பிச்சுக்கோடா" என்றான். நான் குதிக்கவில்லை. அவன் கியரை இறக்கி இறக்கி, வண்டியை மண்மேட்டில் ஏற்றி நிறுத்தினான். ஒரு நெல்லிக்காய் மூட்டைகூடச் சரியவில்லை.

பின்னாலிருந்து ஒரு குரல். "இரும்புன்னு சொன்னீங்க சம்பந்தி."

"இரும்புக்கு மேல நெல்லிக்காய்ங்க."

"செரி. வண்டிய நிறுத்துனது யாருங்க, டிரைவருங்களா கிளீனருங்களா?"

"கிளீனர்தானுங்க. நாஞ் சொல்லிக்குடுத்த மாதிரியே நிறுத்தீட்டான்."

"குடுத்து வெச்ச கிளீனர்" என்றார். பிருந்தா சன்னல் பக்கம் திரும்பி இருமினாள். தூசி.

கூபர் பீடியில் மனிதர்கள் பூமிக்கு அடியில் குடைந்து வீடு கட்டி இருக்கிறார்கள். வெயிலுக்குப் பயந்தாம். ஆனால் இப்போது இங்கே குளிர்காலம். பாலைவனம் என்றால் கொதிக்கும் என்று நம்பி நான் கொண்டுவந்தது இரண்டு மல் வேட்டியும் கைவைத்த பனியனும். பிருந்தாவின் பூப்போட்ட சால்வையைப் போர்த்தியிருக்கிறேன். டீக்கடையில் இதைக் கம்பளி என்று வாசிக்க வேண்டும்.

சாயங்காலம் கேரவன் ஓரத்தில் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தேன். சம்பந்தியம்மா பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார்.

"எங்கூட்டுக்காரர் என்ன தொழில் பண்ணுனாருன்னு உங்குளுக்குத் தெரியுங்களா?"

தெரியாது என்றேன்.

"லாரி புக்கிங் ஆபீஸ். ஊட்டு வாசல்லயே. கலியாணமாயி வந்த நாள்ல இருந்து லாரியத்தான் பாத்துட்டு இருந்தேன்." அடுப்பில் ஒரு சுள்ளியைத் தள்ளினார். "டிரைவர் எறங்குனா நேரா டீக்கடைக்குப் போவாருங்க. சக்கரத்துக்குக் கட்டை போடறதுக்கு ஓடற டிரைவர நான் ஒருத்தரக்கூடப் பாத்ததில்ல."

அடுப்புப் புகை என் கண்ணில் பட்டது.

"இந்த டம்ளரக் கொஞ்சம் கழுவித் தர்றீங்களா சம்பந்தி" என்று கையில் கொடுத்தார்.

கழுவிக் கொடுத்தேன். பிறகு தட்டு, பிறகு குக்கர். சம்பந்தியம்மாவுக்கு என்மேல் மதிப்புக் கூடியிருக்கிறது. முக்கியமான பொறுப்புகளை நம்பி ஒப்படைக்கத் தொடங்கிவிட்டார்.

ஜூலை 10, வியாழன்

வியாழனுக்கு வடக்கே சூலம் இல்லை. கண்ணில் தூசி விழுந்துவிட்டது, நாள் முழுக்கக் கட்டுப் போட்டிருந்தேன். பாத்திரம் கழுவினேன்.

ஜூலை 11, வெள்ளி. எர்ல்டண்டா

காலையில் ஜீப் கண்ணாடியில் பனி உறைந்து கிடந்தது. சுரண்டி எடுத்தேன். மாப்பிள்ளை இடுப்பை நிமிர்த்த முடியாமல் இரண்டாக மடிந்து வந்தார்.

"மாமா, கண்ணு செரியாயிடுச்சுங்களா? இன்னைக்குக் காலைல மட்டும் நீங்க புடிங்க. முடியலீங்க."

கண் நன்றாகத் தெரிந்தது. எல்லாரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏறி ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தேன். இருக்கையைச் சரிசெய்தேன். கண்ணாடியைச் சரிசெய்தேன். மறுபடி இருக்கையைச் சரிசெய்தேன். பெரிய டிரைவர்கள் இப்படித்தான், அவசரப்பட மாட்டார்கள். கீழே மிதிகள் இருந்தன. எங்கள் லாரியில் இருந்ததைவிட ஒன்று குறைவாகத் தெரிந்தது. அது எங்கே போயிற்று என்று யோசித்துக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து ஒரு முனகல்.

"பிருந்தா, எனக்குக் கண்ணக் கட்டுது. சம்பந்திய எம்பக்கத்துல உக்காந்து கொஞ்சம் விசிறச் சொல்லு."

"நான் விசிறட்டுங்களா அத்தை?"

"உனக்குக் கை வலுப் பத்தாது கண்ணு."

வேறு வழியில்லாமல் மாப்பிள்ளையே மறுபடி ஓட்ட உட்கார்ந்தார். நான் பின்னால் போய், விறைக்கிற குளிரில், பேப்பரால் சம்பந்தியம்மாவுக்கு விசிறினேன். அவர் இரண்டு சால்வையைப் போர்த்திக்கொண்டு கண்ணை மூடியிருந்தார்.

எர்ல்டண்டா பெட்ரோல் பங்கில் மற்ற இருவரும் இறங்கிப் போனதும் கண்ணைத் திறந்தார்.

"உங்குளுக்காக இல்லீங்க" என்றார். "அந்தப் புள்ள உங்களப் பத்திப் பேசறப்ப அது மொகத்தப் பாத்திருக்கறீங்களா? அந்த மொகம் எங்கூட்ல வாடக்கூடாது. அதுக்குத்தான்."

விசிறிய பேப்பரை நாலாக மடித்து வைத்தேன்.

"ஆனா மயக்கம் சும்மா வராதுங்க சம்பந்தி. அந்தக் கக்கூஸ் பெட்டி நெறஞ்சிருச்சுன்னு எம்மவன் சொன்னான்."

கேரவன் கக்கூஸுக்கு அடியில் சூட்கேஸ் மாதிரி ஒரு பெட்டி. அதை உருவி, சக்கரம் வைத்து இழுத்துப் போய், அதற்கென்று இருக்கும் குழியில் கவிழ்க்க வேண்டும். முன்னால் ஒரு வெள்ளைக்காரத் தாத்தாவும் தன் பெட்டியோடு வரிசையில் நின்றார். வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தோம். அவர் பாஷை எனக்குத் தெரியாது, என் பாஷை அவருக்குத் தெரியாது. ஆனாலும் அவரும் வீட்டில் ஏதோ சொல்லி மாட்டிக்கொண்டவர் என்பது புரிந்தது.

ஜூலை 12, சனி. கேன்யன் பக்கத்துக் கேரவன் பார்க்

இன்றைக்கு நடந்ததை நிதானமாக எழுத வேண்டும்.

மதியம் சமைப்பதற்காகச் சாலையோர ஓய்விடத்தில் ஒதுங்கினோம். மேசைகளையெல்லாம் வேறு கேரவன்காரர்கள் பிடித்திருந்தார்கள். பின்னால் மணல்மேட்டைச் சுற்றி ஒரு தடம் போயிற்று. "அதுல போனா நல்ல நெழலு இருக்கும் மாப்ள. தடத்தப் பாத்தாலே தெரியுது, கனவண்டி போன தடம்" என்றேன். தடத்தைப் பார்த்தே வண்டியின் எடையைச் சொல்பவன் நான் என்பது மாவட்டத்துக்கே தெரியும்.

நிழல் இருந்தது. இரண்டு பக்கமும் மரங்கள் நெருக்கி நின்றதால் வந்த நிழல். தடம் ஒடுங்கி, வளைந்து, ஓர் ஓடை அரித்த பள்ளத்தின் விளிம்பில் போய்த் தீர்ந்துவிட்டது. திருப்ப இடம் இல்லை. வந்த வழியே அப்படியே பின்னால் எடுக்க வேண்டும்.

தனி ஜீப் என்றால் விஷயமே இல்லை. கொக்கியில் வீடு தொங்கும்போது, ஜீப்பை இடப்பக்கம் ஒடித்தால் வீடு வலப்பக்கம் போகிறது. மாப்பிள்ளை ஒடித்தார், வீடு மரத்தைப் பார்த்துத் திரும்பியது. மாற்றி ஒடித்தார், அரிவாள் மாதிரி மடங்கி நின்றது. எப்படி நிற்கிறது என்று பார்க்கக் கீழே குதித்தவர் ஏதோ பிராணி தோண்டிய குழியில் வலது காலை விட்டுவிட்டார். கணுக்கால் கண்ணெதிரே வீங்கியது.

போனில் சிக்னல் இல்லை. "வண்டில இருக்கற வாக்கிடாக்கில கூப்பிட்டுப் பாக்கறேன். ரோட்டுல போற யாராச்சும் வந்து இழுத்து விடுவாங்க" என்றார் வலியோடு. அப்புறம் என்னைப் பார்த்தார். "இல்ல, மாமா இருக்கறாருல்ல. மாமா, நீங்களே எடுத்துருங்க. உங்குளுக்கு இதெல்லாம் ஒரு வேலைங்களா."

சம்பந்தியம்மா மயக்கத்துக்குத் தயாராக வாயைத் திறந்தார். ஆனால் பிருந்தா முந்திக்கொண்டாள். மாப்பிள்ளை கையிலிருந்த சாவியை வாங்கினாள்.

"நான் எடுக்கறேன். மாமா, நீங்க எப்பவும் நிக்கற எடத்துல நில்லுங்க."

"எந்த எடம் அம்மிணி?"

"வண்டிக்குப் பின்னாலதான். வேற எங்க."

அவள் ஏறிக் கதவைச் சாத்தினாள். நான் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். குளிர்.

பிறகு நான் யோசிக்கவே இல்லை. வேட்டியை மடித்துக் கட்டினேன், கட்டையை இடுக்கிக்கொண்டேன், ஜீப் சன்னலுக்குப் போய்ச் சொன்னேன்: "பின்னால திரும்பிப் பாக்காத. கண்ணாடிய மட்டும் பாரு. கையை ஸ்டியரிங்குக்கு அடியில புடிச்சுக்க. எந்தக் கண்ணாடியில நான் தெரியறனோ, அந்தப் பக்கமா கைய நகத்து. ஊடு எங்கிட்ட வரும். ரெண்டு தட்டுத் தட்டுனா வா. ஒரு தட்டுன்னா நில்லு. வேற ஒண்ணும் நீ நெனைக்க வேண்டாம்."

"எவ்வளவு வேகமா?"

"எறும்பு முந்தோணும்."

முதலில் முன்னால் எடுத்து நேராக்கச் சொன்னேன். பிறகு கேரவனின் முதுகில் உள்ளங்கையால் இரண்டு தட்டு. வண்டி வந்தது. "வரலாம், வரலாம், வரலாம்." வலது கண்ணாடிக்கு மாறினேன், வீடு என்னோடு மாறியது. "ஒடிச்சு, ஒடிச்சு, ஒடிச்சு, நேராக்கு." மரக்கிளைக்கும் தகரத்துக்கும் நடுவில் ஒரு விரல் போகும் இடைவெளி. கரும்பு டிராக்டர் ஓட்டும்போது இதைக் கண்டுபிடித்தவர் பழனியப்பண்ணன்தான். இந்தக் கையை அடியில் பிடிக்கிற சூட்சுமம் மற்ற டிரைவர்களுக்குத் தெரியவே தெரியாது. "நீ பேசறது எங்காதுக்குக் கேக்காதுடா சென்னி, நீ தட்டறது எம்முதுகுக்குக் கேக்கும்" என்பார்.

வளைவில், ஓடைப் பக்கம், மணல் இளகியிருந்தது. நான் ஒரு தட்டுத் தட்டினேன். பிருந்தா நின்றாள். ஆனால் கேரவன் நிற்கவில்லை, சக்கரம் மணலோடு சேர்ந்து விளிம்பை நோக்கி வழுக்கியது. எப்போது ஓடினேன், எப்போது குனிந்தேன் என்று தெரியாது. கட்டை சக்கரத்துக்கு அடியில் இருந்தது. என் விரல் வெளியே இருந்தது. சக்கரம் கட்டையில் ஏறப் பார்த்து, யோசித்து, உட்கார்ந்துகொண்டது.

"மாமா?" என்றாள் உள்ளேயிருந்து.

"ஒண்ணுமில்ல கண்ணு. மெதுவா முன்னால ஒரு முழம். ம்ம். ஹோல்டான். இப்ப வா."

மணல்மேட்டைச் சுற்றி, ஓய்விடத்துக்குப் பின்பக்கமாகவே வந்து சேர்ந்தோம். மேசையில் டீ குடித்துக்கொண்டிருந்த கேரவன்காரர்கள் எழுந்து கை தட்டினார்கள். நேற்றுப் பெட்டியோடு நின்ற தாத்தாவும் அங்கே இருந்தார். அவர் கை தட்டியது என்னைப் பார்த்துத்தான்.

பிருந்தா இறங்கினாள். முகமெல்லாம் வியர்வை, அந்தக் குளிரில். "இன்னும் எவ்வளவு தூரம் இருக்குது? நானே ஓட்டறேன்" என்றாள்.

மாப்பிள்ளை பின்சீட்டில் காலை நீட்டிக்கொண்டார். நான் முன்னால் இடப்பக்கம் ஏறினேன். சாலையில் கண்ணுக்கு எட்டிய தூரம் எதுவுமே இல்லை.

"லெஃப்ட் ஃப்ரீ" என்றேன்.

"ரைட்" என்றாள் பிருந்தா.

ஜூலை 13, ஞாயிறு. கேன்யன்

மாப்பிள்ளை காலோடு கீழே தங்கிவிட்டார். சம்பந்தியம்மா அவருக்குத் துணை. நானும் பிருந்தாவும் மேலே ஏறினோம். ஏற்றம் செங்குத்து. நான் மூச்சு வாங்கியதாக அவள் பிற்பாடு சொல்லக்கூடும். காட்சியை ரசிப்பதற்காக அடிக்கடி நின்றேன், அவ்வளவுதான்.

மேலே போனால் பூமி இரண்டாகப் பிளந்து கிடக்கிறது. நம் சங்ககிரி மலையை அப்படியே கொண்டுவந்து உள்ளே இறக்கினாலும் இன்னொரு மலைக்கு இடம் கேட்கும். சுவர் ஒவ்வொன்றும் கத்தியால் அறுத்த மாதிரி நேராக இறங்குகிறது. காலை வெயில் பட்டதும் செங்கல் சூளையைத் திறந்த மாதிரி ஒரு சிவப்பு. அடியில் தண்ணீர், பனைமரம் போல ஏதோ மரம். விளிம்பிலிருந்து பத்தடி தள்ளியே உட்கார்ந்தேன். விளிம்பில் உட்கார்ந்ததாக டீக்கடையில் வாசிக்க வேண்டும்.

பிருந்தா பையிலிருந்து எலுமிச்சை சாதத்தை எடுத்தாள். ஆளுக்குப் பாதியாகப் பிரித்துத் தின்றோம்.

"மாமா, எனக்கு ஏழு வயசு இருக்கறப்ப உங்க லாரி நம்ம தெருவுக்கு வரும், ஞாபகம் இருக்குதா?"

"ஏனில்லாம. ஆரன் அடிச்சுட்டே வருவேன்."

"ஆரன் அந்த மீசைக்காரர் அடிப்பாரு" என்றாள். "வண்டி நிக்கறதுக்கு முன்னாலயே இடப்பக்கக் கதவு தொறக்கும். நீங்க குதிப்பீங்க. கட்டையப் போட்டுட்டு என்னப் பாத்து ஓடி வருவீங்க. மீசைக்காரர் அப்பறம் நிதானமா வலப்பக்கமா எறங்குவாரு."

கையிலிருந்த சாதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அந்தக் கதவு தொறக்கறதத்தான் நான் பாத்துட்டே நிப்பேன்."

காற்று அடித்தது. ஒரு பருந்து எங்களுக்குக் கீழே பறந்தது. பருந்தின் முதுகை நான் பார்த்தது வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை.

"பின்ன எதுக்கு அம்மிணி அன்னைக்கு அத்தை முன்னால அப்படிச் சொன்னே?" என்று கேட்டேன். தண்ணீரை எடுத்துக் குடித்தேன், எலுமிச்சையில் உப்பு ஜாஸ்தி.

"நீங்க சொன்னதத்தான நாஞ் சொன்னேன்." சிரித்தாள். "அப்பறம், நீங்க ஓட்டப் போறதில்லைன்னு தெரியும். அவரு இடுப்பு தாங்காதுன்னும் தெரியும். கடைசில நான் புடிச்சே ஆகோணும்னு வரும். பயத்தோட புடிக்கறதுன்னா நீங்க பின்னால நிக்கறப்பப் புடிக்கலாம்னு நெனச்சேன். ஆனா நாலு நாள் இழுத்துட்டீங்க. கண்ணுல கட்டுப் போட்டுட்டு வந்தப்ப எனக்குச் சிரிப்ப அடக்க முடியல."

பாலைவனக் காற்று பட்டால் சிலருக்கு ஞாபகம் இப்படித் தடுமாறும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். ஏழு வயதில் பார்த்ததை யார் சரியாகச் சொல்ல முடியும். நான் திருத்தவில்லை. அவள் மனம் நோகும்.

இறங்கும்போது அவள் முன்னால் போனாள். நான் பின்னால், "பாத்து, வரலாம், வரலாம்" என்று சொல்லிக்கொண்டே வந்தேன்.

இந்தப் பக்கத்தை டீக்கடையில் வாசிக்கக் கூடாது. நாடாவை இதற்கு அடுத்த பக்கத்தில் வைத்திருக்கிறேன்.

ஜூலை 14, திங்கள்

கக்கூஸ் பெட்டி.

ஜூலை 19, சனி. அடிலெய்டு

திரும்பி வந்து சேர்ந்தோம். முழுத் தூரமும் பிருந்தாதான். பெட்ரோல் பங்குகளில் கேரவனைப் பின்னால் எடுக்கும்போது ஆட்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

இன்று சாயங்காலம் கேரவன் சொந்தக்காரரும் இன்னும் இரண்டு குடும்பமும் சாப்பிட வந்தார்கள். எல்லாரும் ஈரோடு, கோபிப் பக்கம். மாப்பிள்ளை கட்டுப்போட்ட காலை முக்காலியில் வைத்துக்கொண்டு மணல் தடத்துக் கதையைச் சொன்னார். வந்தவர்களில் ஒருவர் என் பக்கம் திரும்பி, "நீங்க எத்தன வருசமுங்க லாரி ஓட்டுனீங்க?" என்று கேட்டார்.

பிருந்தா சமையலறை வாசலில் நின்றாள். எனக்கு இருபது என்றோ முப்பது என்றோ நாக்கு நுனி வரை வந்துவிட்டது. வழக்கத்துக்கு மாறாக அங்கேயே நின்றது.

"அவரு எங்கீங்க தன்னப் பத்திச் சொல்லுவாரு" என்றது ஒரு குரல். சம்பந்தியம்மா. கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டிருந்தார். "எங்கூட்டுக்காரர் புக்கிங் ஆபீஸ்ல சென்னியப்பன்னா தனி மரியாதைங்க. முப்பத்தஞ்சு வருசம். ஒருக்கா இமயமலைல, பனியில, பதினாலு சக்கர வண்டி பிரேக் போயிருச்சு. உள்ள பூரா நெல்லிக்காய். ஒத்தக் காய் உருளாம நிறுத்துனாரு."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அந்தக் கதையில் தவறுகள் ஏராளம். ஊர் தப்பு, சரக்குப் பாதி தப்பு, சக்கரம் நான்கு கூடுதல். தலைமையாசிரியையாக இருந்தவர் இப்படிக் கணக்கில் பிசகலாமா. பிருந்தா வாசலில் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள், தோள் குலுங்கியது.

"பழைய கதைங்க" என்றேன் அடக்கமாக.

சம்பந்தியம்மா கண்ணாடியை மாட்டி, அதற்கு மேலாக என்னைப் பார்த்து, காலி டம்ளரை நீட்டினார்.

வாங்கிக் கழுவப் போனேன்.